சொரியாசிஸுக்குப் போடும் பயாலஜிக் ஊசி: எதை நிறுத்துகிறது, எதை நிறுத்தாது

சொரியாசிஸ் பற்றி நம் ஊரில் ஆளுக்கொரு கருத்து உண்டு. ஒட்டிக்கொள்ளும் என்பார் ஒருவர், ரத்தம் கெட்டுப்போச்சு என்பார் இன்னொருவர், கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்து, தானாகப் போய்விடும் என்று அத்தை சொல்வார். கொஞ்ச காலமாக இந்தப் பட்டியலில் பயாலஜிக் ஊசியும் சேர்ந்திருக்கிறது. "அதுவும் ஸ்டீராய்டுதாங்க, பேரை மாத்தி விக்கிறாங்க" என்று ஒரு கட்சி. "ஊசி போட்டா ஜென்மத்துக்கும் வராது" என்று எதிர்க்கட்சி. "எதிர்ப்பு சக்தியே போயிடும், சளி பிடிச்சாகூட ஆஸ்பத்திரிதான்" என்று பயமுறுத்தும் மூன்றாவது அணி. மூன்றுமே தவறு.

டாக்டர் "பயாலஜிக் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டபோது தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்து என்று முடிவு செய்வது டாக்டரின் வேலைதான். ஆனால் அது உடம்புக்குள் போய் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்விகளை நாமே கேட்கலாம்.

தோலில் என்ன நடக்கிறது

நம் மேல்தோலின் அடித்தட்டில் பிறக்கும் ஒரு செல், மெல்ல மேலே ஏறி வந்து உதிர்ந்துபோக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் இதே பயணம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிர்ச்சி அடையாத செல்கள் உதிர நேரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் தெரிகிற தடித்த படையும், சட்டையைக் கழற்றினால் கொட்டுகிற வெள்ளைச் செதிலும் அதுதான். பாடப்புத்தகப் படங்களில் இது சிவப்பாக இருக்கும். நம் நிறத் தோலில் பல நேரம் கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ இருக்கும், அதனாலேயே சிலர் இதைப் படர்தாமரை என்று நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி, செல்கள் ஏன் இப்படி அவசரப்படுகின்றன? மருத்துவர்களும் நெடுங்காலம் இது தோல் செல்லின் கோளாறு என்றுதான் நம்பினார்கள். உறுப்பு மாற்று நோயாளிகளுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு சொரியாசிஸ் மளமளவென்று அடங்குவதை 1979-ல் கவனித்து எழுதியபிறகுதான் கணக்கு மாறியது. அந்த மருந்து முக்கியமாகக் கட்டுப்படுத்துவது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களை. அப்படியானால் தோல் செல்லை விரட்டி வேலை வாங்குவது வேறு யாரோ என்பது தெரிந்தது.

பத்து ரூபாய் நாணயப் புரளி

இதைப் புரிந்துகொள்ள ஒரு குடும்ப வாட்ஸப் குரூப் போதும். "பத்து ரூபாய் நாணயம் செல்லாதாம்" என்று யாரோ ஒருவர் போடுகிறார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, எங்கேயோ கேட்டதைச் சொல்கிறார். நாலு பேர் அதை நாலு குரூப்புக்கு அனுப்புகிறார்கள். சாயங்காலத்துக்குள் மளிகைக் கடைக்காரர் நாணயத்தை வாங்க மறுக்கிறார். கடைக்காரர் மறுத்த செய்தி மறுபடி குரூப்புக்கு வருகிறது. முதலில் போட்டவருக்கே அது வேறு வழியாகத் திரும்பி வந்து, "பாத்தியா, எல்லாரும் சொல்றாங்க" என்று உறுதியாகிவிடுகிறது. இனிமேல் யாரும் புதிதாகப் பொய் சொல்ல வேண்டியதில்லை, புரளி தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும்.

சொரியாசிஸில் நடப்பது இதேபோன்ற சுழற்சிதான். தோலுக்குள் ரோந்து சுற்றும் டென்ட்ரிடிக் செல் என்ற காவல் செல் ஒன்று, ஏதோ ஒரு தூண்டுதலால் "ஆபத்து" என்று தகவல் அனுப்புகிறது. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் இந்தச் சின்னப் புரதத் தகவலுக்கு சைட்டோகைன் என்று பெயர். இங்கே நமக்கு வேண்டிய சைட்டோகைன்கள் மூன்று: டிஎன்எஃப், ஐஎல்-23, ஐஎல்-17. காவல் செல் ஐஎல்-23-ஐ அனுப்புகிறது, அதைக் கேட்ட டி செல்கள் உசுப்பேறி ஐஎல்-17-ஐக் கொட்டுகின்றன, அது தோல் செல்லிடம் போய் "வேகமாகப் பெருகு" என்கிறது. பெருகுகிற தோல் செல் சும்மா இருப்பதில்லை. அதுவும் தன் பங்குக்குத் தகவல் அனுப்பி இன்னும் நிறைய எதிர்ப்பு செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. டிஎன்எஃப் இந்தச் சுழற்சியின் எல்லாக் கட்டங்களிலும் சத்தத்தைக் கூட்டிவிட்டுக்கொண்டே இருக்கும்.

முதல் தூண்டுதல் எதுவாகவும் இருக்கலாம். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து உடம்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாக வருவது ஒரு வகை. கீறல், தீக்காயம், ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்திலேயே படை கிளம்புவது இன்னொன்று. லித்தியம், சில வகை பிரஷர் மாத்திரைகள், குளோரோகுயின், மது, புகை, மன அழுத்தம் எல்லாமே இருக்கிற நோயைக் கிளறிவிடக்கூடியவை. பரம்பரைக்கும் பங்குண்டு. கத்தரிக்காய் காரணம் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நோய் வெளியே தெரிவது தோலில், அதை ஓட்டுவது எதிர்ப்பு செல்களுக்கிடையே சுற்றிவரும் சில தகவல்கள். அந்தச் சுழற்சி ஒருவர் உடம்புக்குள்ளேயே நடப்பதால் தொட்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ இன்னொருவருக்கு ஒட்டாது.

மூட்டுக்குப் போனால்

பலருக்குத் தெரியாத பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர்வரை மூட்டிலும் அழற்சி வருகிறது. இதை சொரியாடிக் ஆர்த்ரைட்டிஸ் என்கிறோம். பெரும்பாலும் தோலில் முதலில் வந்து, பல வருடம் கழித்து மூட்டுக்கு வரும். சிலருக்கு மூட்டு முந்திக்கொள்ளும். தோலில் நிறைய இருந்தால்தான் மூட்டுக்கு வரும் என்றும் இல்லை, காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் படையும் நகத்தில் நாலு குழியும் மட்டும் இருப்பவருக்கு விரல் மூட்டு மோசமாகப் பழுதாகியிருக்கும்.

அறிகுறிகள் சாதாரண மூட்டுவலி மாதிரி இருக்காது. காலையில் எழுந்ததும் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் விரல் விறைத்திருக்கும், வேலை செய்யச் செய்ய ஒன்பது பத்து மணிக்கு மேல் இளகிவிடும். தேய்மான வலி இதற்கு நேர்மாறு, அது உழைக்க உழைக்கத்தான் கூடும். ஒரே ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை கொழுக்கட்டையாக உப்பிக்கொள்ளும். அது கால்விரலாக இருந்தால் "யூரிக் ஆசிட்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு. குதிகாலின் பின்பக்கம், தசைநார் எலும்பில் போய் ஒட்டுகிற அந்த இடத்தில், காலை முதல் அடி வைக்கும்போது சுரீர் என்று வலிக்கும். நகத்தில் ஊசியால் குத்தியது மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழும், அல்லது நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்று லேப் ரிப்போர்ட் வந்ததும் "ஒண்ணுமில்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். அந்தப் பரிசோதனை முடக்குவாதத்துக்கானது, சொரியாடிக் ஆர்த்ரைட்டிஸில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகள் இரண்டும் நார்மலாக இருந்தும் மூட்டு உள்ளே அரித்துக்கொண்டிருக்கலாம். தோல் படை போனால் தோல் பழையபடி ஆகிவிடும், அரித்துப்போன எலும்பு அப்படித் திரும்பாது. தோலில் கொஞ்சம்தான் இருக்கிறது, பிறகு எதற்கு டாக்டர் இவ்வளவு பெரிய மருந்தைச் சொல்கிறார் என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தோல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது குதிகால் வலியையும் சொல்லுங்கள். அவரிடம் எதற்கு மூட்டுவலியைச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

பழைய மருந்துகள் எங்கே அடிக்கின்றன

மறுபடி அந்தப் புரளிக்கு வருவோம். அதை நிறுத்த மூன்று வழி இருக்கிறது. மாவட்டம் முழுக்க டவரை அணைத்துவிடலாம். நெட் வேகத்தை எல்லாருக்கும் குறைக்கலாம். இல்லையென்றால் குறிப்பிட்ட அந்த ஒரு மெசேஜை மட்டும் போகவிடாமல் தடுக்கலாம்.

டவரை அணைப்பது ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும். நாலே நாளில் தோல் பளபளவென்று ஆகிவிடும், அதனால்தான் அதன்மேல் அவ்வளவு மயக்கம். உடம்பின் நூறு வேலைகளில் ஒரே நேரத்தில் கைவைக்கிற மருந்து அது. சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், முகம் உப்பும். அதைவிட மோசம், நிறுத்தும்போது சொரியாசிஸ் முன்பைவிடச் சீறிக்கொண்டு வரும், சிலருக்கு உடம்பு முழுவதும் சிவந்து உரிந்து ஆஸ்பத்திரியில் சேரும் நிலைகூட வரும். களிம்பு வடிவ ஸ்டீராய்டு வேறு கதை. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை மட்டும் தடவினால் நல்ல மருந்துதான். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கி வருடக்கணக்கில் தேய்ப்பதுதான் பிரச்சினை. பெயர் ஒட்டாத பாக்கெட்டில் தருகிற "கைகண்ட" பொடிகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்ட கதைகள் உண்டு.

நெட் வேகத்தைக் குறைப்பது மெத்தோட்ரெக்ஸேட். பழைய மருந்து, விலை குறைவு, பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. எதிர்ப்பு செல்களின் பெருக்கத்தைப் பொதுவாக மட்டுப்படுத்தும், அதனால் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், குடிக்கக் கூடாது. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். தினமும் என்று தவறாக நினைத்துச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போனவர்கள் உண்டு. இந்த வரிசையில் அப்ரமிலாஸ்ட், டோஃபாசிட்டினிப் மாதிரி புது மாத்திரைகளும் இருக்கின்றன. அவை பயாலஜிக் இல்லை, அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதும் இல்லை.

ஒரு மெசேஜை மட்டும் தடுப்பதுதான் பயாலஜிக். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் வேதியியலில் எந்த உறவும் கிடையாது.

பயாலஜிக் என்பது என்ன பொருள்

அது ஒரு புரதம். பெரும்பாலும் ஆன்டிபாடி வகை. கிருமி வந்தால் அதைக் குறிபார்த்துப் பிடிக்க நம் உடம்பு தயாரிக்கும் கவட்டை வடிவப் புரதத்துக்குத்தான் ஆன்டிபாடி என்று பெயர். ஒரு ஆன்டிபாடி ஒரே ஒரு இலக்கில்தான் ஒட்டும். கிருமிக்குப் பதிலாக ஐஎல்-17 மேல் ஒட்டுகிற ஆன்டிபாடியைத் தயாரித்து உள்ளே செலுத்தினால், அது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்து, வழியில் வரும் ஐஎல்-17 ஒவ்வொன்றையும் பிடித்து மடக்கிவிடும். தகவல் தோல் செல்லைப் போய்ச் சேராது. சேராவிட்டால் தோல் செல் பழைய வேகத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையை ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் 1975-ல் கண்டுபிடித்து, 1984-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அவர்கள் தயாரித்தது எலியின் ஆன்டிபாடி, அதை மனித உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்க்கும். முழுக்க மனிதப் புரதமாகவே செய்யப்பட்டு முதலில் அனுமதி பெற்றது அடாலிமுமாப். அதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுக்காக கிரிகரி வின்டர் 2018-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தப் புரதத்தை ரசாயனத் தொழிற்சாலையில் கலக்கிச் செய்ய முடியாது. உயிருள்ள செல்களுக்குள் மரபணுவை வைத்து, பெரிய உருளைகளில் அவற்றை வளர்த்து, அவை சுரப்பதை வடித்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது சீன ஹாம்ஸ்டர் என்ற சிறு விலங்கின் செல்கள். மூலக்கூறு அளவும் பிரம்மாண்டமானது, ஆஸ்பிரினின் எடை 180 என்றால் ஆன்டிபாடியின் எடை ஏறக்குறைய 1,50,000. "இதை மாத்திரையா குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்பவர்களுக்கு, வாயில் போட்டால் முட்டையைச் செரிப்பதுபோல வயிறு இதையும் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

புரதம் என்பதால் வெயில் ஆகாது. பெட்டி ஐஸ் ஜெல் பையோடு வரும், வீட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் நடுத் தட்டு சரியான இடம், ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் அந்த டோஸ் வீண். போடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வைத்தால் குளிர் தணிந்து எரிச்சல் குறையும். பல மருந்துகள் பேனா வடிவில் வருகின்றன. தொடையிலோ தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ நேராக வைத்து அழுத்தினால் "க்ளிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சத்தம் கேட்டதுமே எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பேனாவில் இருக்கும் சின்ன ஜன்னலில் நிறம் முழுதாக நிரம்பும்வரை அழுத்தியபடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விலை உயர்ந்த மருந்து தொடையில் வழிந்துகொண்டிருக்கும்.

எந்த ஊசி எந்தத் தகவலை மறிக்கிறது

டிஎன்எஃப்-ஐ மறிப்பவை முதலில் வந்தவை: எட்டனெர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப். அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, இன்ஃப்ளிக்சிமாப் மட்டும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸாக ஏற்றுவது. மூட்டுக்கு இவை நம்பகமானவை. ஐஎல்-17-ஐ மறிப்பவை செக்யூகினுமாப், இக்ஸெகிசுமாப். தோலிலும் மூட்டிலும் வேகமாக வேலை செய்யும். செக்யூகினுமாப் முதலில் வாரம் ஒருமுறையாக ஐந்து டோஸ், அப்புறம் நாலு வாரத்துக்கு ஒன்று. ஐஎல்-23-ஐ மறிக்கும் குசெல்குமாப், ரிசான்கிசுமாப் போன்றவை சுழற்சியின் மேல்மட்டத்திலேயே கைவைப்பதால், தொடக்க டோஸ்களுக்குப் பிறகு எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். உஸ்டெகினுமாப் ஐஎல்-12, ஐஎல்-23 இரண்டையும் சேர்த்து மறிக்கும் பழைய உறவுக்காரர்.

எது நல்லது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. குடலில் க்ரோன்ஸ் நோய் இருப்பவருக்கு ஐஎல்-17 தடுப்பான் அதை மோசமாக்கலாம். இதயம் பலவீனமாக இருப்பவருக்கு டிஎன்எஃப் தடுப்பான் பொதுவாகத் தவிர்க்கப்படும். முதுகெலும்பில் அழற்சி இருப்பவருக்கு டிஎன்எஃப் அல்லது ஐஎல்-17 பக்கம் டாக்டர் சாய்வார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியான ஊசி நமக்குச் சரியாக வேண்டும் என்பதில்லை.

குணமாகிவிடுமா?

கட்டுப்படும். பலருக்கு மிக நன்றாகவே கட்டுப்படும். தோல் நோயின் பரப்பையும் தீவிரத்தையும் அளக்க பாசி என்று ஒரு மதிப்பெண் இருக்கிறது, 0 முதல் 72 வரை. "பாசி 90" என்றால் ஆரம்பத்தில் இருந்ததில் 90 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குணமானது என்று பொருள் இல்லை. புதிய ஐஎல்-17, ஐஎல்-23 ஊசிகளில் பாதிப் பேருக்கும் மேல் இந்த அளவை எட்டுகிறார்கள். இருபது வருடம் முன்பு இதைச் சொல்லியிருந்தால் தோல் டாக்டர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

தோலில் முதல் மாற்றம் சில வாரங்களில் தெரியும், ஆனால் பலன் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல மூன்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். மூட்டுக்கு ஆறு மாதம்வரைகூட ஆகலாம். படை தட்டையாகி, செதில் நின்றபிறகும் அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ பல மாதம் இருக்கும். அது நோய் போன தடம், அதைப் பார்த்து "மருந்து கேக்கலை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும், அதுவும் அதே முழங்கையில், அதே இடத்தில். காரணம் இதுதான்: தகவல்தான் தடுக்கப்பட்டதே தவிர, குரூப்பும் அதன் உறுப்பினர்களும் அப்படியே இருக்கிறார்கள். தோலில் நினைவு டி செல்கள் என்ற ஒரு வகை நிரந்தரமாகக் குடியேறிவிடுகின்றன. தடை விலகியதும் அவை மறுபடி பேச ஆரம்பிக்கும்.

சிலருக்கு முதல் வருடம் அருமையாக வேலை செய்த ஊசி பிறகு மங்கிவிடும். நம் உடம்பே அந்த மருந்துப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துவிடுவது ஒரு காரணம். டோஸைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் போடுவது இதற்கு வசதி செய்துகொடுக்கும். பணம் இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று தொடங்குவது நல்ல யோசனை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். அப்படி மங்கினால் வேறு தகவலை மறிக்கும் ஊசிக்கு மாற்றலாம், வழி அடைபட்டுவிடவில்லை.

இந்த இடத்தில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்வோம். பயாலஜிக் ஸ்டீராய்டு இல்லை. சுழற்சியில் ஒரு கண்ணியை மட்டும் பிடிப்பதால் பக்கவிளைவும் குறுகிய எல்லைக்குள் இருக்கிறது. நோயை அடக்குகிறது, அழிப்பதில்லை.

ஊசிக்கு முன்னால் டிபி பரிசோதனை ஏன்

மூன்றாவது அணியின் பயத்துக்கு வருவோம். எதிர்ப்பு சக்தி மொத்தமாகப் போவதில்லை, ஆனால் மறிக்கப்படும் தகவலுக்கு உடம்பில் நல்ல வேலையும் உண்டு. ஐஎல்-17 வாயிலும் பிறப்புறுப்பிலும் பூஞ்சையைக் கட்டுக்குள் வைக்கிறது, அதை மறித்தால் சிலருக்கு நாக்கில் வெண்படலம் வரும், மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்.

டிஎன்எஃப்-இன் நல்ல வேலை இன்னும் பெரியது. நுரையீரலுக்குள் எப்போதோ நுழைந்த டிபி கிருமியை எதிர்ப்பு செல்கள் சுற்றி வளைத்து ஒரு முடிச்சுக்குள் அடைத்து வைத்திருக்கும். அந்த ஆளுக்கு இருமலும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது, யாருக்கும் பரப்பவும் மாட்டார். இதற்கு உறங்கும் டிபி என்று பெயர். அந்த முடிச்சு அவிழாமல் பார்த்துக்கொள்வது டிஎன்எஃப். அதை மறித்தால் முடிச்சு தளர்ந்து கிருமி வெளியே வரலாம். உலகில் புதிதாக டிபி வருபவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர் என்பதால், இந்த விஷயம் இங்கே முதல் கேள்வியாகிறது. ஐஎல்-17, ஐஎல்-23 தடுப்பான்களில் இந்த ஆபத்து மிகவும் குறைவு, ஆனாலும் எல்லா ஊசிக்கும் முன்னால் பரிசோதனை செய்வதே வழக்கம்.

மார்பு எக்ஸ்ரே, கையில் போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளக்கும் மேண்டூ பரிசோதனை, அல்லது இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். உறங்கும் டிபி இருப்பது தெரிந்தால் பயாலஜிக் கதவு மூடிவிடாது. அதற்கான தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, பெரும்பாலும் ஒரு மாதம் ஆனபிறகு ஊசியை ஆரம்பிப்பார்கள், மாத்திரையை முழுக் காலமும் முடிக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று டாக்டர் கேட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனைகளும் இதோடு வரும். ஹெபடைடிஸ் பி-யும் டிபி மாதிரியே பதுங்கியிருந்து எழக்கூடியது.

எல்லாப் பயாலஜிக்கும் நல்லபடியாக முடிந்த கதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஃபாலிசுமாப் என்ற ஊசி 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சிலருக்கு அரிதான, உயிரைப் பறிக்கும் மூளைத் தொற்று வந்ததால் 2009-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இப்போது புழங்கும் ஊசிகள் வேறு இலக்கில் வேலை செய்பவை, பல வருட அனுபவமும் இருக்கிறது.

ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், எடை குறைவது, ஆறாத புண் இதில் எது வந்தாலும் அடுத்த டோஸைப் போடுவதற்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். ஆபரேஷன் என்றால் அந்த டாக்டருக்கும் இந்த ஊசி விஷயம் தெரிய வேண்டும்.

தடுப்பூசியில் ஒரு பிரிவினை உண்டு. உயிருள்ள, பலவீனப்படுத்திய கிருமியால் செய்தவை கூடாது: அம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, வாய்வழி போலியோ சொட்டு மருந்து. உயிருள்ள கிருமி இல்லாதவை போடலாம்: ஃப்ளூ ஊசி, நிமோனியா, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ். நாய் கடித்தால் ரேபிஸ் ஊசியைக் கண்டிப்பாகப் போட வேண்டும், பயாலஜிக் போடுகிறேன் என்று பயந்து தள்ளிப்போடக் கூடாது, கூடவே போடுபவரிடம் அதைச் சொல்லியும் விடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு விஷயம் குறிப்பாக. பெரும்பாலான ஆன்டிபாடி மருந்துகள் கர்ப்பத்தின் பின்பகுதியில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு உடனே பிசிஜி ஊசியும் போலியோ சொட்டும் கொடுத்துவிடுவார்கள், இரண்டும் உயிருள்ள கிருமி. தாய் கடைசி மாதங்களில் பயாலஜிக் போட்டிருந்தால் இவற்றைப் பொதுவாக ஆறு மாதம்வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். பிரசவ வார்டில் நர்ஸுக்கு இது தானாகத் தெரிய வழியில்லை, வீட்டார்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

செலவு

விலைதான் எல்லாரையும் தடுக்கும் சுவர். பயாலஜிக்கின் காப்புரிமை முடிந்தபிறகு, வேறு நிறுவனம் அதே புரதத்தைத் தன் செல்களில் வளர்த்து, மூல மருந்தோடு ஒப்பிட்டு நிரூபித்து விற்பதற்கு பயோசிமிலர் என்று பெயர். இதில் இந்தியா முந்திக்கொண்ட நாடு, அடாலிமுமாபின் பயோசிமிலரை ஸைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் எக்ஸெம்ப்டியா என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. அதற்கு முன்பே 2013-ல் பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் இட்டோலிசுமாப் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றிருந்தது. கியூபாவின் ஹவானாவில் பிறந்த மூலக்கூறு அது, டி செல்லின் மேலிருக்கும் சிடி6 என்ற கொக்கியைப் பிடிப்பது.

காப்பீடு இருப்பவர்கள் "இது வெளிநோயாளி ஊசி, கிடைக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் ஊசியாகச் செலுத்தும் மோனோக்ளோனல் ஆன்டிபாடியும் (மேலே சொன்ன ஒரே மாதிரியான ஆன்டிபாடி மருந்துகளுக்கு அதுதான் பெயர்) இருக்கிறது. ஆனால் பாலிசியில் இதற்குத் தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள், ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலமும் உண்டு. முதல் டோஸுக்கு முன்பே டாக்டரிடம் மருந்தின் பெயர், வருடத்துக்கு எத்தனை டோஸ், முதல் வருடம் ஏன் கூடுதலாக வரும் என்று எழுதி வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்வது கிளெய்ம் நேரத்தில் உதவாது.